உளுத்த பாறை: கிணற்றுச் சுவரில் நாம் தவறாகப் படிப்பவை

கோடையில் தண்ணீர் இறங்கிப்போன பழைய கிணறு ஒன்றின் விளிம்பில் நின்று உள்ளே பாருங்கள். உச்சிவெயில் உள்ளே விழும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே சில அடி செம்மண், அதில் வேர்கள். அதன் கீழே மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட ஒரு பகுதி. பார்த்தால் கல், கடப்பாரை போட்டால் உதிரும். அதற்கும் கீழே விரிசல் விட்ட கல். கடைசியில் வெடி வைத்தால்தான் உடைகிற கரும்பாறை.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். பள்ளிப் பாடத்திலோ "பாறை உடைந்து தூளாகி மண்ணாகிறது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியில் விடுபட்டுப்போவது நடுவில் இருக்கும் புள்ளி போட்ட பகுதி. நிலவியலில் அதன் பெயர் சாப்ரோலைட். கிரேக்க மொழியில் 'அழுகிய கல்' என்று பொருள். தெற்கு அப்பலாச்சியன் மலைகளின் தங்கச் சுரங்கப் பகுதியை ஆராய்ந்த அமெரிக்க நிலவியலாளர் ஜார்ஜ் பெக்கர் 1895இல் வைத்த பெயர் இது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் வீடு கட்டும்போதும், போர் போடும்போதும், மலையை வெட்டும்போதும் நாம் தவறுகிறோம்.

சாப்ரோலைட்டை மண் என்று நினைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கையால் உதிர்கிறது, ஆகவே மண் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் சுவரை உற்றுப் பார்த்தால் மூலப்பாறையின் கோடுகள், பட்டைகள், மணிகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். வெள்ளையாக ஒரு வெங்கச்சாங்கல் நரம்பு, அதாவது குவார்ட்ஸ் நரம்பு, கரும்பாறையிலிருந்து கிளம்பி உதிரும் பகுதிக்குள்ளும் நேராக ஏறிப்போவதைப் பார்க்கலாம். சுற்றிலும் இருந்த பாறை இளகிவிட்டது, ஆனால் நகரவில்லை என்பதற்கு அந்த நரம்பே சாட்சி.

அதே நரம்பை மேலே தொடர்ந்து பாருங்கள். ஓர் உயரத்துக்கு மேல் அது சரிவின் பக்கம் வளையும், துண்டு துண்டாகும், பிறகு சிதறிய கற்களின் வரிசையாகக் காணாமல் போகும். அங்கேதான் மண் தொடங்குகிறது. வேர், எறும்பு, கறையான், மண்புழு, சரிவின் மெதுவான இழுப்பு எல்லாம் சேர்ந்து கலக்கிப்போட்டது மண். கலக்கப்படாமல் நின்ற இடத்திலேயே இளகியது சாப்ரோலைட். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அடையாளம் இந்த நரம்புதான்.

உளுத்துப்போன உத்தரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் அதே, அகலம் அதே, மரத்தின் ரேகைகூட அப்படியே தெரியும். தூக்கினால்தான் எடை போய்விட்டது புரியும். பாறையும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் கிரானைட் ஏறக்குறைய 2,700 கிலோ இருக்கும். அதே கிரானைட் நன்றாக இளகிய பிறகு ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 2,000 கிலோவுக்குக் கீழே. பருமன் மாறவில்லை. கால்சியம், சோடியம், பொட்டாசியம், சிலிக்காவின் ஒரு பங்கு எல்லாம் தண்ணீரில் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டன.

இங்கே ஒரு சொல் எச்சரிக்கை. கிணற்று வேலையில் இந்த அடுக்கைச் 'சுக்கான் பாறை' என்பதுண்டு. ஆனால் சுண்ணாம்புக் கட்டிகள் இறுகிய அடுக்கையும் 'சுக்கான்' என்பார்கள். இரண்டும் வேறு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவது சுண்ணாம்பு. யாராவது "பத்தடியில் சுக்கான் வந்தது" என்றால் எந்தச் சுக்கான் என்று கேட்டுவிடுங்கள்.

வெயில்தான் பாறையை உடைக்கிறது என்பது

பகலில் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கி, பாறை வெடிக்கிறது என்று படித்திருப்போம். 1936இல் அமெரிக்க நிலவியலாளர் டேவிட் கிரிக்ஸ் இதைச் சோதித்தார். கிரானைட்டை 89,400 தடவை சூடாக்கி, உலர்ந்த காற்றில் குளிர வைத்தார். நாளுக்கு ஒரு தடவை என்று வைத்தால் 244 ஆண்டுக் கணக்கு. கல்லில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குளிர வைக்கத் தண்ணீரைப் பயன்படுத்தியபோது, மிகக் குறைந்த தடவைகளிலேயே மேற்பரப்பு மங்கி விரிசல் தெரிந்தது. வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல்களை அது மெல்ல நீட்டுகிறது. ஆனால் தண்ணீர் இல்லாமல் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

தண்ணீர் என்ன செய்கிறது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்குகூட இருக்கும். அந்த நீர் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தை அரித்து, கரையக்கூடியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கயோலின் என்ற வெள்ளைக் களியாக விட்டுச்செல்கிறது. கிணற்றுச் சுவரில் நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளிகள் இவை.

ஆனால் பல கிரானைட்களில் இதற்கும் முன்னால் வேலையைத் தொடங்கி வைப்பது கருப்பு மைக்கா. காக்காப்பொன் என்போமே, அந்தக் குடும்பம்தான். அதிலிருக்கும் இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும்போது ஏடுகள் விரிந்து உப்புகின்றன. ஒவ்வொரு ஏடும் சுற்றியுள்ள மணிகளை நெம்புகிறது, நூலளவு விரிசல்கள் விழுகின்றன, அவற்றின் வழியே தண்ணீர் இன்னும் உள்ளே போகிறது. பாறையைப் பிளக்கும் சக்தி பாறைக்குள்ளேயே, ஒரு கருப்புப் பொட்டாக ஒளிந்திருப்பதை முதன்முதலில் உருப்பெருக்கியில் பார்த்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே தெரியும் பாறைதான் சீக்கிரம் இளகும் என்பது

நேர்மாறாகத்தான் நடக்கிறது. மொட்டைப் பாறையில் மழை பெய்த சற்று நேரத்தில் நீர் வழிந்து காய்ந்துவிடும். மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையோ மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை பல்லாவரம் பக்கத்துக் கல். அதை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்த வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். முன்னூறு ஆண்டு தாண்டியும் பலகையில் எழுத்து நிற்கிறது. அதே சார்னோகைட் வகைதான் நீலகிரியின் அடித்தளமும். அங்கே தேயிலைத் தோட்டத்துக்குச் சாலை வெட்டிய இடங்களில் பாருங்கள், பல பத்து அடி ஆழத்துக்கு இளகிச் சிவந்து நிற்கும். காலக்கணக்கு வேறுதான், நீலகிரிக்குக் கிடைத்தது லட்சக்கணக்கான ஆண்டுகள். ஆனாலும் அங்கே மண் போர்த்திப் பிடித்துவைத்த ஈரம் இல்லாமல் அவ்வளவு ஆழம் இளகியிருக்காது.

அதற்காக மண் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பாறை இளகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. போர்வை மிகவும் தடித்துப்போனால் கீழே பாறைக்குப் போகும் நீரும் வேர்களும் குறைகின்றன. கலிஃபோர்னியாவின் டென்னஸி பள்ளத்தாக்கில் ஆர்ஜன் ஹெய்ம்சாத் குழுவினர் விண்கதிர்கள் பாறையில் உண்டாக்கும் பெரிலியம்-10, அலுமினியம்-26 அணுக்களை அளந்து, மண் தடிக்கத் தடிக்க அடியில் புது மண் உருவாகும் வேகம் சரிவதை 1997இல் காட்டினார்கள்.

கடினமான கல் தாங்கும் என்பது

கீறலுக்குத் தாங்குவதும் தண்ணீருக்குத் தாங்குவதும் வெவ்வேறு. ஆலிவின் என்ற கனிமம் கடினத்தில் குவார்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் ஈரத்தில் முதலில் அழிவது அதுதான், கடைசிவரை நிற்பது குவார்ட்ஸ். பூமியின் ஆழத்தில் அதிக வெப்பத்தில் முதலில் படிகமானவை மேற்பரப்பில் முதலில் சிதைகின்றன என்ற இந்த வரிசையை 1938இல் நிலவியலாளர் சாமுவேல் கோல்டிச் எழுதிவைத்தார். ஆற்று மணலில் குவார்ட்ஸ் மணிகள் மிகுந்திருப்பதன் காரணமும் இதுவே.

உருண்டைக் கல்லைப் பார்த்ததும் ஆற்றைத் தேடுவது

செஞ்சி மலையில் அடுக்கி வைத்ததுபோல் கிடக்கும் பாறைகளையும் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையையும் பார்த்துவிட்டு, வெள்ளம் உருட்டி வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் இருக்கும், அவை அதைக் கட்டிகளாகப் பிரிக்கும். கட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். மூலை முதலில் போகும். வெங்காயச் சருகு போலத் தோல் தோலாக உரிந்து, நடுவில் இளகாத உருண்டை மிஞ்சும். சுற்றியிருந்த சாப்ரோலைட்டை மழை அரித்துக்கொண்டு போனதும் உருண்டை வெளியே வருகிறது.

இதே உருண்டைகள் மண்ணுக்குள் இருக்கும்போதுதான் நம்மை ஏமாற்றும். எங்கள் உறவினர் ஒருவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு மூலையில் ஆறடியில் கல் தட்டியது. பாறை வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். எதிர் மூலையில் பன்னிரண்டு அடி போயும் கடப்பாரை இறங்கிக்கொண்டே இருந்தது. முதலில் தட்டியது சாப்ரோலைட்டுக்குள் மிதந்த ஒரு தனிக்கல். பாறையின் மேல்மட்டம் தரைபோல் சமமாக இருக்காது. விரிசல் உள்ள இடத்தில் ஆழமாகவும் இல்லாத இடத்தில் மேலேயும் மேடுபள்ளமாகப் போகும். கல் தட்டினால் அதைத் துளைத்துச் சில மீட்டர் கீழேயும் பாறைதானா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

சிவப்பு என்றால் இரும்புச் சத்து நிறைய, கருப்பு என்றால் மக்கு நிறைய என்ற இரண்டும் பிழை. ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு சில சதவீதம் போதும், மண் முழுதும் சிவந்துவிடும். கரிசலிலும் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் குறைவு. கோவைப் பக்கத்தில் ஒரே வகை நைஸ் பாறையின் (பட்டை பட்டையான பாறை) மேல், மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் இருப்பதைக் காணலாம். மேட்டில் தண்ணீர் வடிந்து சிலிக்காவையும் கால்சியத்தையும் இழுத்துப்போவதால் கயோலின். தாழ்வில் அவை தேங்குவதால் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் ஸ்மெக்டைட் களி. ஆகவே மண்ணைப் படிக்கும்போது அடியில் என்ன பாறை என்று மட்டும் கேட்காமல், தண்ணீர் அங்கே எப்படி வடிகிறது என்றும் கேளுங்கள்.

ஆழம் போனால் தண்ணீர் வந்துவிடும் என்பது

இந்த ஒரு தவறுக்காகக் கடன்பட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹைதராபாத்துக்குத் தெற்கே மகேஸ்வரம் என்ற இடத்தில் இந்திய-பிரெஞ்சு நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் கிரானைட் நிலத்தை அடுக்கடுக்காக அளந்தார்கள். மேலே 10 முதல் 15 மீட்டர் வரை சாப்ரோலைட். அதன் கீழே 15 முதல் 20 மீட்டர் தடிப்பில், கிடைமட்ட விரிசல்கள் நிறைந்த பாறை. விரிசல்கள் மேலே நெருக்கமாகவும் கீழே போகப்போக அரிதாகவும் இருந்தன. அதற்கும் கீழே பெரும்பாலும் மூடிய பாறை. அந்த விரிசல்களை உண்டாக்கியது நிலநடுக்கமோ பெரிய பிளவோ இல்லை. பாறை இளகும் வேலையே, முக்கியமாகக் கருப்பு மைக்கா உப்பியதே, என்பது அவர்கள் முடிவு.

அப்புறம் இதைக் கிணற்றோடு பொருத்திப் பாருங்கள். சாப்ரோலைட் நிறையத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும், ஆனால் களி கலந்திருப்பதால் மெதுவாகத்தான் விடும். அடியில் உள்ள விரிசல் பகுதி கொஞ்சம்தான் சேர்க்கும், ஆனால் வேகமாகக் கடத்தும். நம் திறந்தவெளிக் கிணறுகள் இரண்டையும் தொட்டதால்தான் தலைமுறைகளாக உழைத்தன. ஆயிரம் அடி போர் இந்த இரண்டையும் தாண்டி, பெரும்பாலும் மூடிய பாறைக்குள் போகிறது. எங்கோ ஓர் ஆழமான பிளவு கிடைத்தால் தண்ணீர் வரும், ஆனால் அந்தப் பிளவை நிரப்ப வேண்டிய நீரும் மேலிருந்துதான் இறங்கியாக வேண்டும். மேலே சாப்ரோலைட் வறண்டுவிட்டால் கீழே எத்தனை அடி சேர்த்தாலும் பயன் குறைவு.

காய்ந்து நின்றால் உறுதி என்பது

சாலைக்கோ கட்டடத்துக்கோ மலையைச் செங்குத்தாக வெட்டியதும் சாப்ரோலைட் சுவர் போல நிற்கும். கோடையில் பார்த்தால் அசைக்க முடியாது போலத் தோன்றும். ஆனால் மூலப்பாறையின் பழைய விரிசல்கள் அதற்குள் அப்படியே இருக்கின்றன, பலவற்றில் வழுக்கும் களி படிந்திருக்கும். அவை வெட்டிய பக்கம் சாய்ந்திருந்தால், மழைநீர் உள்ளே ஏறி அழுத்தம் கூடும் நாளில் அந்தக் கோட்டிலேயே கழன்று வரும். 1978இலும் 2009 நவம்பரிலும் பெருமழையில் நீலகிரி சரிந்ததை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இளகிய பாறை அதிகமுள்ள ஹாங்காங்கில் பாறையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று இளகாத பாறை, ஆறு மண். இதில் நாலையும் ஐந்தையும் பிரிக்கும் சோதனையை நாமும் செய்யலாம். வெட்டிய சுவரிலிருந்து கைப்பிடி அளவு காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். குமிழிவிட்டுக் கரைந்து அடியில் மணலும் சேறுமாகப் படிந்தால் அது ஐந்தாம் தரம். கட்டி கலையாமல் அப்படியே கிடந்தால் நான்கு அல்லது அதற்கும் உறுதியானது. கரைகிற கட்டி உங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சுவரிலிருந்து வந்தது என்றால், அடுத்த மழைக்கு முன் மண் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.