பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்கிறீர்களா? கரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு கடலோரத் தீவுகளைச் சுற்றிவரத் திட்டமிடுகிறவர்கள் பலரும் முதலில் வரைபடத்தில் பத்து இடங்களுக்குப் புள்ளி வைக்கிறார்கள். பேருந்துச் சுற்றுலாவுக்கு அது சரி. படகு விஷயத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த நாள் திரும்பியாக வேண்டும் என்ற இரண்டையும் முடிவுசெய்த பிறகுதான் புள்ளி வைக்கவே முடியும்.

முதலில் கணக்கு. 40 அடி பாய்மரப் படகு சராசரியாக 5 நாட் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மணிக்கு 5 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 30 கடல் மைல் என்றால் ஆறு மணி நேரம். ஆனால் போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வந்தால் பாய்மரப் படகு நேராகப் போகாது. இடப்பக்கம் 45 பாகை, வலப்பக்கம் 45 பாகை என்று மாறி மாறி வளைந்துதான் முன்னேறும். அந்த 30 மைல் அப்போது 42 மைலாகிவிடும். அலையும் எதிர்த்தால் வேகம் குறைந்து, ஒன்பது பத்து மணி நேரம்கூட ஆகலாம். எஞ்சினைப் போட்டுக்கொண்டு நேராகப் போகலாமே என்றால், போகலாம்தான். ஒவ்வோர் அலையிலும் படகின் முகப்பு இடிக்க, உள்ளே இருப்பவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

மத்தியதரைக் கடலில் வாடகை வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனி காலை முடியும். வெள்ளிக்கிழமை மாலையே படகு, அதை எடுத்த தளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆக, ஏழு நாள் என்பது உண்மையில் ஆறு பகல். அதில் ஒன்றைக் காற்றுக்காகவும் களைப்புக்காகவும் ஒதுக்கினால் மிச்சம் ஐந்து. நாளுக்கு 20 முதல் 25 கடல் மைல் என்று போட்டால் மொத்தம் 100 முதல் 125. இதைத் தாண்டும் திட்டத்தில் நீச்சலுக்கும் இருக்காது நேரம், ஊர் பார்க்கவும் இருக்காது.

இதற்கு நல்ல உதாரணம் கிரேக்கத்தின் கிழக்குப் பக்கமுள்ள ஏஜியன் கடல். அங்கே கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. காற்று மட்டும், அதன் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 என்று நாள்கணக்கில் விடாது, சில சமயம் 7-ஐயும் தாண்டும். 6 என்றால் 22 முதல் 27 நாட். ஏதென்ஸில் படகேறி, தெற்கே இருக்கும் சான்டோரினி தீவைப் பார்த்துவிட்டு அதே வாரத்தில் திரும்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போகும் தூரம் மட்டும் சுமார் 120 கடல் மைல். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் எல்லாம் சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். புதன்கிழமைதான் இது புரியும். வெள்ளி மாலைக்குள் வராவிட்டால் ஒப்பந்தப்படி தாமதத்துக்கு அபராதம்.

ஆகவே முதல் நாட்களில் எதிர்காற்றுப் பக்கம் ஏறிவிட்டு, கடைசி நாட்களில் காற்றோடு இறங்கி வாருங்கள். எவ்வளவு அழகான விரிகுடா எதிரே இருந்தாலும் புதன் காலைக்குமேல் தளத்தைவிட்டு விலகிப் போக வேண்டாம். வியாழன் இரவு தளத்திலிருந்து அரைநாள் தூரத்துக்குள் தங்குங்கள். முதல்முறை போகிறவர்கள் கடலையே மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. கிரேக்கத்தின் மேற்குப் பக்கமுள்ள அயோனியன் கடலில் கோடைக் காற்று பெரும்பாலும் பிற்பகலில் எழுந்து இரவில் அடங்கிவிடும். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் வாடகை மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுதான். புயல் வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்த பிழை படகைத் தேர்ந்தெடுப்பதில். விளம்பரத்தில் ‘எட்டுப் பேர்’ என்று இருக்கும், அறையோ மூன்றுதான். மிச்ச இருவருக்கு நடுக்கூடத்துச் சாப்பாட்டு மேசையை மடக்கித்தான் படுக்கை. படகை ஓட்டித் தரும் ஸ்கிப்பரையும் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அவருக்கும் படுக்க இடம் வேண்டும், சாப்பாடும் உங்கள் பொறுப்பு. பகல் முழுக்கச் சுக்கான் பிடிக்கிறவரை இரவு நடுக்கூடத்தில் படுக்கவைத்தால் மறுநாள் அந்தத் தூக்கக் குறை எல்லோருக்கும் ஆபத்து. ஆட்களுக்குத் தேவையானதைவிட ஓர் அறை கூடுதலாக எடுப்பவர்கள் வருத்தப்படுவதில்லை.

இரட்டை உடல் கொண்ட கட்டமரான் (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்) அதிகம் சாயாது, இடம் தாராளம், ஆழம் குறைந்த இடத்திலும் நிற்கும். ஆனால் 40 அடி கட்டமரானின் அகலம் ஏழு மீட்டரை நெருங்கும். அதே நீள ஒற்றை உடல் படகுக்கு நாலு மீட்டர் போதும். அதனால் படகுத்துறைகளில் கட்டணம் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு ஆகும். சிறிய துறைகளில் இடமே கிடைக்காது. எதிர்காற்றில் ஏறுவதிலும் அது பின்தங்கும்.

நீங்களே ஓட்டுவதானால் உரிமத்தை முன்கூட்டியே நிறுவனத்துக்கு அனுப்பி, செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குரோஷியாவில் படகு உரிமத்தோடு கடலில் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியை இயக்குவதற்கான சான்றிதழும் கேட்பார்கள். ஒரு கடலில் போதுமான தாள் இன்னொரு கடலில் போதாது.

பணத்தில் ஏமாற்றம் வருவது வாடகையில் அல்ல, அதற்கு வெளியே இருப்பவற்றில். டீசல், துறைக் கட்டணம், கடைசிநாள் சுத்தம், படுக்கை விரிப்பு, ரப்பர் படகின் எஞ்சின், ஸ்கிப்பர் கூலி ஆகியவற்றில் எவை வாடகையில் அடக்கம் என்று பட்டியலாகக் கேளுங்கள். மாலுமிகளும் சமையல்காரரும் உள்ள பெரிய படகுகளில் எரிபொருள், உணவு, துறைச் செலவுக்கென்று வாடகையில் 25 முதல் 35 சதவீதம் முன்பணமாகத் தனியே வாங்குவார்கள், மிச்சம் திரும்பும். சேதத்துக்கான காப்புத்தொகை வேறு. படகை ஏற்கும்போது அடிப்பாகம், பாய், நங்கூரச் சங்கிலி, ரப்பர் படகு என்று எல்லாவற்றையும் காணொளியாக எடுத்துவைக்காதவர்கள் முந்தைய ஆள் போட்ட கீறலுக்கும் பணம் கட்ட நேரிடும்.

படகில் தண்ணீர் ஒரு வீட்டுத் தொட்டி அல்ல. 400 லிட்டர் தொட்டி, எட்டுப் பேர், மூன்று நாள் என்றால் தலைக்கு ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் குளித்தால் அதில் இருமடங்கு போய்விடும். கடலில் குளித்து, நல்ல தண்ணீரில் உப்பை மட்டும் அலசுவதே வழக்கம். அறைக் குளிர்சாதனமும் பெரும்பாலும் கரை மின்சாரமோ ஜெனரேட்டரோ இல்லாமல் ஓடாது.

நங்கூரம் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நீர் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். 5 மீட்டர் ஆழம், 1.5 மீட்டர் உயரம் என்றால் 32 மீட்டருக்கு மேல் சங்கிலி. காற்று பலமானால் ஏழால் பெருக்க வேண்டும். ஓதம் ஏறும் கடலில் ஏறிய நீர்மட்டத்துக்கே கணக்கு. சங்கிலி விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு இழுத்துப் பார்க்காமல் நீச்சலுக்குக் குதிக்காதீர்கள். அப்படிப் பின்னோக்கிப் போடும்முன் ரப்பர் படகின் கயிறு தண்ணீரில் தொங்குகிறதா என்று பாருங்கள். வாடகைப் படகுகளில் எஞ்சினின் உந்து விசிறியில் சிக்கும் கயிறு பல முறை அதுதான்.

கடினப் பெட்டி வேண்டாம். மடித்து வைக்கும் துணிப் பை போதும். குமட்டல் மாத்திரை புறப்படும் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபிறகு பயன் குறைவு.

வெள்ளி மாலை தளத்துக்கு வரும் எல்லாப் படகும் ஒரே டீசல் பம்பில்தான் நிற்கும். தொட்டியை நிரப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கே வந்துவிடுங்கள்.