அகத்தியரைப் பார்க்கப் போய்த் தேதியைத் தொலைப்பவர்கள்

போன மே மாதம் புதியவர்கள் நாலு பேரை விடியற்காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்கா கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அகத்திய நட்சத்திரம், அதாவது கனோபஸ், விடியல் வானில் அந்த வருஷத்தில் முதல்முறையாகத் தலைகாட்டுவதைப் பார்க்கத்தான். நான் தொடக்கத்தில் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

ஊர்க் கணக்கை டர்பனுக்குக் கொண்டுவருவது

தமிழ்நாட்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இங்கே தேடுகிறார்கள். சென்னையில் அகத்தியர் தெற்கே 24 டிகிரிக்கு மேல் ஏறமாட்டார். டர்பனில் 67 டிகிரி வரை ஏறுவார். அங்கே இரண்டு மாதத்துக்கு மேல் சூரியனோடு மறைந்திருந்து ஆகஸ்ட் வாக்கில் விடியலில் திரும்புவார். இங்கே முழுசாக மறைவதே இல்லை. ஒரு நாளில் பதினெட்டரை மணி நேரம் தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கிறார். மே பிற்பாதியில் சாயங்காலம் தென்மேற்கில் தெரிவார், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவார், அப்புறம் விடிவதற்குள் தென்தென்கிழக்கில் மறுபடி எழுவார். ஒரே இரவில் இரண்டு தரிசனம். அடுத்த தவறுக்கு இதுதான் விதை.

தேதி

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு ஒரு பையன் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினான்: "20ஆம் தேதி இரவு, 5.15, பார்த்தேன்." எந்த விடியல்? 20ஆம் தேதி விடிந்ததா, 20ஆம் தேதி ராத்திரி கழிந்து விடிந்ததா? கேட்டால் முழிக்கிறான்.

அவனைத் திட்டவும் எனக்கு அருகதை இல்லை. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயாவுக்கு நாள் என்றால் சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை. பஞ்சாங்கக் கணக்கு அது. காலை ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போது, "இன்னும் விடியல, இன்னும் செவ்வாய்க்கிழமைதான்" என்பார். சுவரில் தொங்கும் காலண்டரோ நள்ளிரவிலேயே புதனுக்குப் போயிருக்கும். போதாக்குறைக்கு என் செயலியை உலக நேரத்தில் (UTC) வைத்திருந்தேன். தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால் ஓடுவதால், நள்ளிரவிலிருந்து இரண்டு மணி வரை அதில் முந்தைய தேதியே காட்டும். மூன்று கணக்கையும் கலந்து மூன்று வருஷம் எழுதினேன். நட்சத்திரம் தினமும் ஏறக்குறைய நாலு நிமிஷம் முன்னதாக எழும். ஆகவே ஒரு நாள் பிசகினால் எழும் நேரம் நாலு நிமிஷம் பிசகும். முதல் தரிசனம் எந்தக் காலை என்பதே கேள்வியாக இருக்கும்போது, ஒரு நாள் பிசகினால் எல்லாமே போச்சு. மூன்று வருஷக் குளிர் வீண்.

இங்குள்ள சோத்தோ இன மக்கள் இந்த நட்சத்திரத்தை நாக்கா என்பார்கள். விடியலில் அதை முதலில் பார்த்துச் சொன்னவருக்குத் தலைவர் பசு கொடுப்பது வழக்கமாம். என் நோட்டைக் காட்டிப் பசு கேட்டிருந்தால் துரத்தியடித்திருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? இரவை இரண்டு தேதியாலும் எழுதுங்கள்: "மே 20/21, காலை 5.15, தென்னாப்பிரிக்க நேரம்." அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்ததும் விடியலில் பார்த்ததும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். வானியலாளர்களும் இதே தொல்லையைப் பட்டவர்கள்தான். 1924 முடியும்வரை அவர்களுக்கு ஒரு நாள் தொடங்கியது நண்பகலில்தான். நாட்களுக்கு வரிசையாக எண் போட்டுக்கொண்டே போகும் அவர்களுடைய ஜூலியன் நாள் கணக்கு இன்றும் உலக நேர நண்பகலில்தான் மாறுகிறது. நமக்கு அது பிற்பகல் இரண்டு மணி, அதனால் டர்பனின் ஒரு முழு இரவு ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

வேறு நட்சத்திரத்தைக் கும்பிடுவது

அதே விடியலில் தென்கிழக்கில் அக்கர்நார் என்ற நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். கூட வந்த ஒரு அக்கா அதைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார். நானும் ஒரு வருஷம் அதைத்தான் அகத்தியர் என்று எழுதிவைத்தேன். அந்த நேரத்தில் அக்கர்நாரின் உயரம் 35 டிகிரிக்கு மேல். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் பத்து டிகிரி. மூன்றரை முஷ்டி உயரத்தில் இருப்பவர் இன்றைக்குத்தான் முதலில் எழுந்தவராக இருக்க முடியாது. புதிதாக வருபவர் தண்ணீரை ஒட்டி, சிவப்பும் பச்சையுமாக நடுங்கிக்கொண்டு வருவார். காத்திருக்கும் கப்பல்களின் விளக்கும் அங்கேதான் இருக்கும். அது மேலே ஏறாது. பத்து நிமிஷம் பொறுத்தால் தெரிந்துவிடும்.

இடம்

டர்பன் நகரின் நார்த் பீச்சில் நிற்காதீர்கள். பிளஃப் மேடு சரியாக அந்தத் திசையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

கைப்பேசி வெளிச்சம்

இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கத் திரையில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள், இல்லையென்றால் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மேகம்

"மேகம், தெரியவில்லை" என்பதையும் எழுதுங்கள். இரண்டு தேதியோடு.