சூத்திரத்துக்குள் புகுந்த இனம்: ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுலகில் இனப் பாகுபாடு என்றதும், கறுப்பினத்தவரின் கட்டுரையை வெறுப்போடு திருப்பி அனுப்பும் ஒரு ஆசிரியரைத்தான் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். முதல் தவறே அதுதான். கெட்ட ஆளைத் தேடிக்கொண்டிருந்தால், நல்லவர்கள் எழுதிய கணக்கு கண்ணில் படாது.

அமெரிக்காவின் சிறுநீரகக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), வயது, பாலினம் இவற்றை வைத்துச் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணிக்கும் சூத்திரம் 1999-ல் வந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2-ஆல் பெருக்க வேண்டும். 2009-ல் வந்த அடுத்த சூத்திரத்தில் அது 1.159 ஆனது. அந்த ஆய்வுகளில் பங்கேற்ற கறுப்பினத்தவருக்கு, ஒரே வேலைத்திறனிலும் கிரியாட்டினின் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஏன் என்று தோண்டாமல், ‘அவர்களுக்குத் தசை அதிகம்’ என்ற பழைய நம்பிக்கையைக் காரணமாகச் சொல்லிவிட்டார்கள்.

விளைவு என்ன? அங்கே இப்படிக் கணித்த வேலைத்திறன் 20-க்கு இறங்கினாலோ டயாலிசிஸ் தொடங்கினாலோதான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் கணக்கில் ஏறும். வெள்ளையருக்கு 18 என்று வரும் அதே ரத்தம், கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 21 என்று வரும். அவர் இன்னும் நோய் முற்றிய பிறகுதான் வரிசையில் நிற்க முடியும். அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பினத்தவர் என்றால் பெருக்குவதா வேண்டாமா? சூத்திரத்தில் அதற்குப் பதில் இல்லை. 2021-ல்தான் இனம் இல்லாத சூத்திரம் வந்தது. 2023 முதல் பழைய கணக்கால் பின்தங்கியவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்த வேண்டியதாயிற்று; ஆயிரக்கணக்கானோர் வரிசையில் முன்னேறினார்கள்.

இது ஏதோ தூரத்துக் கதை இல்லை. நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவிகள் பலவற்றில் ‘ஆசியர்’ என்று தேர்ந்தெடுத்தால் எதிர்பார்க்கும் அளவே 4 முதல் 6 சதவீதம் குறைந்துவிடும். அப்புறம், பாதிப்பு இருந்தும் ‘இயல்பு’ என்று அறிக்கை வரலாம். ஆகவே, கட்டுரையில் இனத்தைக் காரணமாக எழுதும் முன், அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்று கேளுங்கள்: உணவா, வருமானமா, வேலையிடத்துத் தூசியா? அதை நேரடியாக அளக்க முடியுமென்றால் அளந்துவிடுங்கள். இனத்தைப் பதிவுசெய்தது யார், பங்கேற்றவரா கவுன்டரில் இருந்தவரா என்பதையும் எழுதுங்கள்.

‘கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் போதும்’ என்பது இன்னொரு தவறு. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதியில், படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கான வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்ததை 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2019-ல் வந்த மற்றோர் ஆய்வு, தலைப்புத் தேர்வுக்கும் அதில் பங்கு உண்டு என்றது. சமூக நலம் சார்ந்த தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தார்கள். அவற்றுக்கு நிதி கிடைப்பது பொதுவாகவே குறைவு. எது ‘முக்கியமான’ தலைப்பு என்ற முடிவிலேயே சாய்வு இருந்தால் பெயரை மறைத்து என்ன பயன்?

சரி, மாதிரிக்கு, அதாவது ஆய்வில் யாரைச் சேர்க்கிறோம் என்பதற்கு வருவோம். 2016 கணக்குப்படி, மரபணு வேறுபாடுகளை நோய்களோடு இணைத்துப் பார்க்கும் மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இயல்பான அளவு காட்டியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் எடுத்தவற்றில் 3.6 சதவீதம் என்று 2020-ல், கோவிட் நடுவே, தெரியவந்தது. கருவி சந்தைக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்து!

மதுரையில் ஆய்வு செய்தால் தலைப்பில் ‘தென்னிந்தியாவில்’ என்று சேர்க்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரி மாணவர்களிடம் செய்தால் ‘மனிதர்கள்’ என்றே போய்விடும். மதிப்பீட்டாளராக உங்களிடம் கட்டுரை வந்தால், மிச்சிகன்காரரிடமும் ஊர்ப் பெயரைக் கேளுங்கள்.