இங்கிலீஷ் அட்வெர்ப் எங்க வைக்கிறது, எப்பிடி வைக்கிறது

கொழும்புல ஒபிஸ் வேலைக்கு போற எங்கட ஆக்கள் நிறைய பேருக்கு இங்கிலீஷ் நல்லா விளங்கும், கதைக்கவும் ஏலும், ஆனா மெயில் ஒண்டு எழுத சொன்னா எங்கயோ ஒரு சொல்லு இடம் மாறி விழுந்திருக்கும், அநேகமா அது அட்வெர்ப்தான், அதாவது ஒரு செயல் எப்பிடி, எங்க, எப்ப நடந்தது எண்டு சொல்லுற சொல்லு. பள்ளிக்கூடத்துல படிச்சது அட்ஜெக்டிவுக்கு, அதாவது ஆளையோ பொருளையோ பற்றி சொல்லுற சொல்லுக்கு, பின்னால 'லி' சேர்த்தா அட்வெர்ப் வரும் எண்டு. அது சரி, ஆனா அது லேசான பக்கம். அந்த சொல்ல வசனத்துல எங்க வைக்கிறது எண்டதுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க, அதனால இதுல கூட நேரம் அதைப் பற்றித்தான் சொல்ல போறன்.

தமிழ்ல நாங்க 'நேத்து அவன் எனக்கு வடிவா விளங்கப்படுத்தினான்' எண்டும் சொல்லலாம், 'வடிவா விளங்கப்படுத்தினான் அவன் எனக்கு நேத்து' எண்டும் சொல்லலாம், கருத்து மாறாது, ஏனெண்டா 'எனக்கு' எண்டதுல இருக்கிற 'கு' தன்ர வேலைய பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷ்ல அப்பிடி உருபு இல்ல. யார் செய்தது, எதை செய்தது எண்டு காட்டுறது சொல்லு இருக்கிற இடம்தான். அதனால வேர்ப்பும் (செயல சொல்லுற சொல்லு) அதுக்கு பின்னால வாற ஒப்ஜெக்டும் (எதை, யாரை எண்டு சொல்லுற சொல்லு) ஒட்டிக்கொண்டு நிற்கும், இடையில அட்வெர்ப்ப நுழைக்க விடாது.

'ஐ லைக் வெரி மச் கொத்து' பிழை. 'ஐ லைக் கொத்து வெரி மச்' சரி. 'ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூவென்ட்லி சிங்களா' பிழை, 'ஷீ ஸ்பீக்ஸ் சிங்களா ஃப்ளூவென்ட்லி' சரி. ஒப்ஜெக்ட் நீளமா இருந்தா அட்வெர்ப்ப கடைசிக்கு தள்ளினா அது வேர்ப்ப விட்டு தூரமா போயிடும், அப்ப வேர்ப்புக்கு முன்னால கொண்டு வாங்க: 'ஷீ கேர்ஃபுலி செக்ட் ஆல் த இன்வொய்சஸ் ஃப்ரொம் த பெட்டா ஷொப்'. முன்னால வரலாம், பின்னால வரலாம், நடுவுல மட்டும் வேணாம்.

இனி, எப்பிடி, எங்க, எப்ப எண்டு மூண்டும் ஒரே வசனத்துல வந்தா என்ன செய்யிறது? இத நான் தமிழ வச்சுத்தான் விளங்கப்படுத்துவன், ஏனெண்டா அது அவ்வளவு வடிவா பொருந்தும். 'அவ நேத்து பத்தரமுல்ல பாஸ்போர்ட் ஒபிஸ்ல பொறுமையா காத்துக்கொண்டு இருந்தா.' எங்கட வழமையான ஒழுங்கு முதல்ல நேரம், பிறகு இடம், பிறகு விதம், கடைசில வேர்ப். இத அப்பிடியே கடைசில இருந்து முன்னுக்கு வாசிங்க, இங்கிலீஷ் வந்திடும்: 'ஷீ வெய்டட் பேஷன்ட்லி அட் த பாஸ்போர்ட் ஒபிஸ் இன் பத்தரமுல்ல யெஸ்டர்டே'. வேர்ப், விதம், இடம், நேரம். கண்ணாடில பார்க்கிற மாதிரி நேர் எதிர். போறது வாறது மாதிரி வேர்ப்புக்கு மட்டும் இடம் முதல்ல வரும், 'ஷீ வென்ட் ஹோம் குயிக்லி' எண்டுதான் சொல்லுவாங்க. நேரத்த அழுத்தி சொல்ல வேணுமெண்டா 'யெஸ்டர்டே' எண்டு வசனத்த தொடங்கினாலும் பிரச்சினை இல்ல.

எவ்வளவு தரம் எண்டு சொல்லுற அட்வெர்ப், ஆல்வேஸ், யூஷுவலி, ஒஃபன், ரெயர்லி, நெவர் மாதிரி ஆக்கள், வேற ஒழுங்குல போவாங்க. சாதாரண வேர்ப்புக்கு முன்னால: 'ஐ ஆல்வேஸ் டேக் த 100 பஸ் ஃப்ரொம் வெள்ளவத்த'. ஆம், இஸ், ஆர், வொஸ் எண்டா அதுக்கு பின்னால: 'த பஸ் இஸ் ஆல்வேஸ் ஃபுல்'. ஹேவ், வில், கேன் மாதிரி துணை வேர்ப் இருந்தா முதல் துணைக்கு பின்னால: 'ஷீ ஹஸ் நெவர் பீன் டு ஜஃப்னா'. 'டெய்லி', 'எவ்ரி டே' ரெண்டும் இந்த கூட்டத்துல சேராது, அது அநேகமா வசனத்துக்கு கடைசிலதான் போகும். 'ஐ டெய்லி கோ டு வேர்க் பை ட்ரெய்ன்' எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது 'டெய்லி'ய 'ஆல்வேஸ்' மாதிரி நினைச்சு, அத 'ஐ கோ டு வேர்க் பை ட்ரெய்ன் எவ்ரி டே' எண்டு மாத்துங்க.

இப்ப 'ஒன்லி'க்கு வருவம், இது எங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமான சொல்லு, ஏனெண்டா நாங்க அத 'தான்' எண்ட இடத்துல எல்லாம் போடுறம். 'நான் இங்கதான் இருக்கிறன்' எண்டு நினைச்சுக்கொண்டு 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' எண்டு சொல்லுறம், 'இப்பதான் வந்தன்' எண்டதுக்கு 'நவ் ஒன்லி ஐ கேம்' எண்டு சொல்லுறம். கொழும்புக்குள்ள எல்லாருக்கும் விளங்கும், ஆனா இன்டர்வியூவுலயோ வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதுற மெயில்லயோ அது நிற்காது. முதலாவதுக்கு 'ஐ ஆம் ரைட் ஹியர்', ரெண்டாவதுக்கு 'ஐ ஹேவ் ஜஸ்ட் கம்'. தமிழ் 'தான்' ஒரு சொல்ல அழுத்தி காட்டும், இங்கிலீஷ் 'ஒன்லி' மற்ற எல்லாத்தையும் வெளியில தள்ளி 'இது மட்டும்' எண்டு சொல்லும். அதனால 'மட்டும்' எண்டு நினைக்கிற இடத்துல மட்டும் 'ஒன்லி' போடுங்க, எந்த சொல்ல பற்றி சொல்லுறீங்களோ அதுக்கு பக்கத்துல முன்னால வைங்க. 'ஒன்லி ஐ டோல்ட் மை மதர் எபவுட் த ஜொப்' எண்டா அம்மாவுக்கு சொன்னது நான் மட்டும், வேற ஒருத்தரும் சொல்லல்ல. 'ஐ டோல்ட் ஒன்லி மை மதர்' எண்டா அம்மாவுக்கு மட்டும், அப்பாவுக்கு தெரியாது; 'ஒன்லி' அம்மாவோட ஒட்டுற சொல்லு எண்டதால இங்க வேர்ப்புக்கும் ஒப்ஜெக்டுக்கும் நடுவுல வரலாம். 'ஐ டோல்ட் மை மதர் ஒன்லி எபவுட் த ஜொப்' எண்டா வேலைய பற்றி மட்டும், சம்பளத்த பற்றி வாய் திறக்கல்ல. ஒரே சொல்லு, இடம் மாற வீட்டுல நடக்கிற கதையே மாறுது.

வேலைக்கு எழுதின கடிதம் ஒண்டுல 'ஐ ஹேவ் வேர்க்ட் ஹார்ட்லி ஃபோர் த்ரீ இயர்ஸ்' எண்டு இருந்தத ஒருக்கா பார்த்தன். அந்த பிள்ளை சொல்ல வந்தது மூண்டு வருஷமா கஷ்டப்பட்டு வேலை செய்தன் எண்டு. ஆனா 'ஹார்ட்லி' எண்டா 'கிட்டத்தட்ட இல்லவே இல்ல', அப்ப வாசிக்கிறவருக்கு தெரியிறது இந்த ஆள் வேலை செய்தது குறைவு எண்டு. உழைப்பாளி பிள்ளை ஒண்ட ஒரு 'லி' சோம்பேறி ஆக்கிடும், அதனாலதான் இத இவ்வளவு அழுத்தி சொல்லுறன். 'ஐ ஹேவ் வேர்க்ட் ஹார்ட்' எண்டதுதான் சரி.

இதுக்கு பழைய காரணம் ஒண்டு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல அட்ஜெக்டிவுக்கு பின்னால 'எ' எண்ட சின்ன ஓசை ஒண்டு சேர்த்தும் அட்வெர்ப் செய்தாங்க, காலப்போக்குல அந்த ஓசை தேய்ஞ்சு போக ஹார்ட், ஃபாஸ்ட் எல்லாம் ரெண்டு வேலைக்கும் ஒரே உருவத்துல நிண்டுட்டுது. அதுதான் 'ஃபாஸ்ட்லி' எண்டு ஒரு சொல்லு இப்ப பாவனையில இல்ல, 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்' எண்டே சொல்லுங்க. 'லேட்' எண்டா பிந்தி, 'லேட்லி' எண்டா இந்த நாட்கள்ல. 'நியர்' எண்டா கிட்ட, 'நியர்லி' எண்டா கிட்டத்தட்ட. இந்த சோடிகள பாடமாக்கத்தான் வேணும், வேற குறுக்கு வழி இல்ல.

மற்ற பக்கம், லி இருந்தும் அட்வெர்ப் இல்லாத சொல்லும் இருக்கு. லிய கழட்டி பாருங்க, மிஞ்சிறது பெயர்ச்சொல்லு எண்டா அது அநேகமா அட்ஜெக்டிவ்: ஃப்ரெண்ட், ஃப்ரெண்ட்லி; கவர்ட், கவர்ட்லி. மிஞ்சிறது அட்ஜெக்டிவ் எண்டா அது அநேகமா அட்வெர்ப்: ஸ்லோ, ஸ்லோலி. அதனால 'ஷீ டோக்ட் ஃப்ரெண்ட்லி' எண்டு எழுதாதீங்க, 'ஷீ டோக்ட் இன் எ ஃப்ரெண்ட்லி வே' எண்டு எழுதுங்க.

லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் எண்ட வேர்ப்புகளோட கவனம். 'த பிரியாணி ஸ்மெல்ஸ் டெலிஷியஸ்' எண்டுதான் வரும், 'டெலிஷியஸ்லி' இல்ல, ஏனெண்டா அந்த சொல்லு பிரியாணிய பற்றி சொல்லுது, மணக்கிற விதத்த பற்றி இல்ல. சந்தேகம் வந்தா வேர்ப்ப எடுத்துட்டு 'இஸ்' போட்டு பாருங்க, 'த பிரியாணி இஸ் டெலிஷியஸ்', கருத்து நிற்குது, அப்ப அட்ஜெக்டிவ். 'ஹீ லுக்ட் ஆங்ரி' எண்டா ஆள் கோபமா இருந்தார். 'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ' எண்டா கோபமா என்ன பார்த்தார், அங்க பார்க்கிறது ஒரு செயல், அதனால அட்வெர்ப்.

'குட்', 'வெல்' ரெண்டும் இதே கதைதான், ஆள் 'குட்', செய்யிறது 'வெல்': 'ஹீ இஸ் எ குட் ட்ரைவர், ஹீ ட்ரைவ்ஸ் வெல்'. 'இனஃப்' அட்ஜெக்டிவுக்கு பின்னால வரும், 'பிக் இனஃப்'. 'டூ' எண்டா அளவுக்கு மிஞ்சினது, அதனால ஒருத்தர பாராட்டேக்க 'டூ குட்' வேணாம், 'வெரி குட்' போதும்.

கடைசியா ஒபிஸ் மெயில்ல வாற 'கைன்ட்லி'. அது பிழையான சொல்லு இல்ல, மரியாதையான சொல்லு, ஆனா 'ப்ளீஸ் கைன்ட்லி' எண்டு ரெண்டையும் சேர்த்து எழுதுறது ஒரே வேலைக்கு ரெண்டு சொல்லு. ஒண்ட எடுத்து விடுங்க. 'ப்ளீஸ் சென்ட் மீ த இன்வொய்ஸ் பை ஃப்ரைடே' எண்டு எழுதினா மரியாதையும் இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள இன்வொய்ஸும் கேட்டாச்சு. இந்த கிழமை நீங்க அனுப்பின மெயில் ஒண்ட திறந்து ஒவ்வொரு அட்வெர்ப்புக்கும் கீழ கோடு போட்டு, அது எந்த சொல்லோட ஒட்டுது, வேர்ப்புக்கும் ஒப்ஜெக்டுக்கும் நடுவுல விழுந்திருக்குதா எண்டு பாருங்க, 'ஒன்லி' தவிர வேற ஒண்டு விழுந்திருந்தா தூக்கி கடைசில வச்சுட்டு சத்தமா வாசிங்க.