சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கேம் கான்சோல் வாங்குமுன்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய் ‘எது நல்லது?’ என்று கேட்டால், கடைக்காரர் அன்றைக்குக் கையிருப்பில் உள்ளதைத்தான் காட்டுவார். அதனால், பிள்ளையோடு சேர்ந்து விளையாடப் போவது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

பிள்ளைக்கு நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் இருந்து, பக்கத்தில் அண்ணனோ அம்மாவோ உட்கார்ந்து விளையாடுவார்கள் என்றால், என் தேர்வு நிண்டெண்டோ சுவிட்ச்தான். அதன் இரு பக்கங்களிலும் உள்ள ஜாய்கான் என்ற சிறு கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். பல விளையாட்டுகளுக்கு அதுவே போதும் என்பதால், இரண்டாவது கன்ட்ரோலருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 5 கருவியின் கன்ட்ரோலரோ பெரியவர்களின் கைக்கு ஏற்ற பருமன் கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரல் மேல் பொத்தான்களை எட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை குறைவு என்று சுவிட்ச் லைட்டை வாங்குவோர், அதைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, கன்ட்ரோலர்களைக் கழற்றவும் முடியாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். அது தனியாக விளையாடும் பிள்ளைக்கான கருவி.

2025 ஜூனில் வெளிவந்த சுவிட்ச் 2 விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஜப்பானில் வெளியானபோது 49,980 யென்னுக்கு விற்கப்பட்ட உள்நாட்டுப் பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பானியக் கணக்கையும் கேட்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் வாங்குமுன், அது பன்மொழிப் பதிப்புதானா, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உண்டா, உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கான்சோலின் விலை முதல் செலவு மட்டுமே. வட்டு இயக்கி இல்லாத பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கருவியும் கடையில் மலிவாகத் தெரிந்தாலும், கடையில் வாங்கிய நிலையில் அவற்றில் பழைய வட்டுகளைப் போட முடியாது. விளையாடி முடித்ததை மாமா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வழியில்லை. சுவிட்சின் விளையாட்டு அட்டைகளைக் கைமாற்றிக்கொள்ளலாம். அட்டை சிறியதாயிற்றே, குழந்தை வாயில் போட்டுவிடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகவே அதன்மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். (ஐயம் இருந்தால் நுனிநாக்கால் தொட்டுப் பாருங்கள், நான் பார்த்தேன், பாகற்காய் தோற்றது.) கசப்புக்கு அஞ்சாத குழந்தைகளும் உண்டு என்பதால், அட்டைகளை எட்டாத உயரத்தில் வைப்பதே சரி.

பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முந்தைய இரவே பெற்றோர் கட்டுப்பாடுகளை அமைத்துவிட வேண்டும். சுவிட்சுக்கான கைப்பேசிச் செயலியில் அன்றாட விளையாட்டு நேரத்தைக் குறிக்கலாம். ஆனால் நேரம் முடிந்ததும் அது எச்சரிக்கை மட்டுமே செய்யும். விளையாட்டு உண்மையிலேயே நிற்க வேண்டுமானால், மென்பொருளை நிறுத்தும் தேர்வையும் தனியாக இயக்க வேண்டும். முதல் சுவிட்சில் இந்த நேரக் கணக்கு கருவி முழுவதற்கும் பொதுவானது. அண்ணன் ஒரு மணி நேரத்தைத் தீர்த்துவிட்டால் தங்கைக்கு ஒன்றும் மிஞ்சாது. பிளேஸ்டேஷன் 5 கருவியில் ஒவ்வொரு பிள்ளையின் கணக்குக்கும் தனித்தனி நேரமும் மாதச் செலவு வரம்பும் வைக்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பெரிய வசதி. எந்தக் கருவியானாலும் வங்கி அட்டை எண்ணை அதில் சேமித்து வைக்காதீர்கள். இரண்டிலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வரம்பு, எல்லாத் திரைகளையும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பதே.

கடைசியாக, கோலாலம்பூரின் பிற்பகல் இடிமழையை மறக்க வேண்டாம். மின்னெழுச்சித் தடுப்புள்ள நீட்டிப்புப் பலகை ஒன்றையும் அதே நாளில் வாங்கி, கான்சோலையும் தொலைக்காட்சியையும் அதிலேயே இணையுங்கள். இடி நெருங்கும்போது பெரியவர் ஒருவர் செருகியைக் கழற்றிவிடட்டும்.