ஹெ ஷோ வூ: கல்லீரலுக்கு ஊட்டம் என நம்பி உண்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம் தரும், நரையை மாற்றும், இடுப்புக்கும் முழங்காலுக்கும் வலுவூட்டும் என்று சீன மருத்துவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி வரும் கிழங்கு ஹெ ஷோ வூ. அதே கிழங்கு, கல்லீரல் அழற்சியை உண்டாக்குவதாக மிகுதியாகப் பதிவாகியுள்ள சீன மூலிகைகளுள் ஒன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன மருந்துக்கடைகளில் இதை வாங்கும் தமிழர்களும், இணையத்தில் பொடியாகத் தருவித்துக்கொள்வோரும் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது, சீன மருத்துவர் சொல்லும் கல்லீரலை இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் கல்லீரலாக எடுத்துக்கொள்வது. அம்மருத்துவத்தில் கல்லீரல் என்பது குருதியைச் சேமித்து, தசைநாண்களையும் கண்களையும் பேணும் செயல்களின் தொகுதி. சிறுநீரகம் என்பது 'ஜிங்' எனப்படும் உயிர்ச்சாரத்தைக் காத்து, எலும்பையும் தலைமுடியையும் ஆள்வது. தலைச்சுற்றல், காதிரைச்சல், இடுப்புத் தளர்ச்சி, இளநரை ஆகியவை சேர்ந்து காணும்போது அவ்விரண்டும் நலிந்துள்ளன என்று மருத்துவர் கணித்து இக்கிழங்கைத் தருகிறார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் கண்டவரோ, சிறுநீரகக் குறைபாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு உயர்ந்தவரோ அதற்கு மருந்தாக இதை உண்பது முற்றிலும் வேறு செயல். அவர்களுக்கு இது பொருந்தாத மருந்து மட்டுமன்று, ஆபத்தான மருந்தும்கூட. சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2014-இல் இக்கிழங்கு சேர்ந்த, வாய்வழி உண்ணும் மருந்துகளால் கல்லீரல் பாதிப்பு நேரலாம் என எச்சரித்தது. கல்லீரல் செயல்பாடு குன்றியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது அங்குள்ள மருத்துவர்களே சொல்லும் அறிவுரை. பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே இத்தகைய எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது.

அடுத்த தவறு, பச்சைக் கிழங்கையும் பக்குவப்படுத்திய கிழங்கையும் ஒன்றெனக் கருதுவது. தோண்டி வெட்டி உலர்த்திய பச்சைக் கிழங்கில் எமோடின் உள்ளிட்ட ஆந்த்ரகுவினோன் சேர்மங்கள் இருப்பதால் அது மலத்தை இளக்கும். மரபிலும் அதன் வேலை மலச்சிக்கலுக்கும் புண்களுக்குமே உரியது. கறுப்புச் சோயா மொச்சைச் சாற்றில் நெடுநேரம் வேகவைத்து உலர்த்திய பிறகுதான் அது ஊட்ட மருந்தாகிறது. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை உலர்த்த வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்வது சடங்குக்காக அன்று, அந்த மலமிளக்கும் கடுமை தணிவதற்காகவே. பச்சைத் துண்டு செம்பழுப்பாக இருக்கும்; பக்குவப்பட்டது கருமை படர்ந்து சற்றே பளபளக்கும். ஆனால் பொடியாக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் இந்த வேறுபாட்டை வாங்குபவர் கண்ணால் அறிய வழியில்லை. எந்த வகை என்று குறிப்பிடாத பொடியை வாங்காமலிருப்பதே சரி. பக்குவப்படுத்துவது ஆபத்தைக் குறைக்கிறதே தவிர முழுதாக நீக்குவதில்லை. பக்குவமான கிழங்கை உண்டவர்களிடமும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

அளவிலும் காலத்திலும் நேரும் தவறுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தாங் வம்சக் காலத்து அறிஞர் லீ ஆவ் எழுதிவைத்த அக்கதையில், ஹெ குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இக்கிழங்கை உண்டு வந்தனர். அவர்களுள் ஒருவருக்கு 130 வயதிலும் முடி கருத்தே இருந்ததாம். மனத்தைக் கவரும் கதைதான். அதை நம்பித்தான் பலர் இதை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்கிறார்கள். சீன மருந்தியல் நூல் பச்சைக் கிழங்குக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராமும், பக்குவப்பட்டதற்கு 6 முதல் 12 கிராமும் குறிக்கிறது. மருத்துவர் நாடி பார்த்து, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் அளவு அது. மருத்துவர் மேற்பார்வை இல்லாத ஊட்ட உணவுப் பொருள்களுக்கோ 2014-இல் சீன அரசு முறையே 1.5 கிராம், 3 கிராம் என்ற கடுமையான உச்ச வரம்பை விதித்தது. நரை மாறும் என்ற நம்பிக்கை, மனிதர்களிடம் முறையாக நடந்த ஆய்வுகளால் இன்னும் நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டு மருந்தாக வாங்குவோர் உடன் சேர்ந்துள்ளவற்றையும் படிக்க வேண்டும். மிங் வம்சப் பேரரசர் ஜியாஜிங்குக்கு அளிக்கப்பட்டதாக அக்கால மருந்தியல் அறிஞர் லீ ஷிழென் குறித்துள்ள புகழ்பெற்ற ஏழு சரக்கு மாத்திரையில், நம் சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசியும் உண்டு. அதுவும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியதே. மதுவோடும், பாரசிட்டமால், மெத்தோட்ரெக்சேட், காசநோய் மாத்திரைகள் போன்றவற்றோடும் இதைச் சேர்த்து உண்டால், கல்லீரலின் சுமை கூடுவதோடு, எது கெடுத்தது என்று பிறகு பிரித்தறிவதும் கடினமாகிவிடும்.

மனித உருவில் இருக்கும் கிழங்கு என்று அதிக விலை சொன்னால் வாங்க வேண்டாம். வேறு கிழங்குகளை அச்சுக்குள் வளர்த்து அப்படி விற்பது சீனாவில் பழகிப்போன மோசடி. வெள்ளை ஷோ வூ என்ற பெயரில் வருவதும் வேறு தாவரமே.

மிகப் பெரிய இழப்பைத் தருவது, அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் விடுவது. உண்ணத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ காரணமற்ற சோர்வு, பசியின்மை, அடர்ந்த நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். நச்சு வெளியேறுகிறது என்று யாரேனும் ஆறுதல் சொன்னால் ஏற்கக் கூடாது. நிறுத்தியவர்களுள் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை சென்றதும் உண்டு. குணமான பிறகு, குறைந்த அளவில் மறுபடி உண்டு பார்க்கலாம் என்ற எண்ணம் எழவே கூடாது, ஏனெனில் இரண்டாம் முறை பாதிப்பு விரைவாகவும் கடுமையாகவும் திரும்பியிருக்கிறது. ஹெச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உடையவர்களுக்கு இவ்வாபத்து மிக அதிகம் என்று சீன ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினர். குறைந்த அளவில் உண்டவர்களுள்ளும் சிலர் பாதிக்கப்படுவதன் காரணத்தில் ஒரு பகுதி அதுவே. மருத்துவரிடம் செல்லும்போது, மூலிகைதானே என்று மறைக்காமல், மருந்துப் பொட்டலத்தையும் மீதமுள்ள கிழங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.