ஐப்பசி மழைக்கு ஆடியிலயே வேலைய ஆரம்பிங்க: வீடும் தோட்டமும் வருஷம் முழுக்க

ஜூலை மாசம் கொத்தனாரைக் கூப்பிட்டா மறுநாள் காலையில வந்து நிப்பார், அதே ஆளை அக்டோபர் கடைசில கூப்பிட்டா தீபாவளி முடியட்டும்பார், அப்புறம் மழை விடட்டும்பார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல, ஊர்ல இருக்குற அத்தனை மொட்டைமாடியும் ஒரே வாரத்துல ஒழுக ஆரம்பிக்குது, அவரு எத்தனை வீட்டுக்குப் போவாரு? தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்ட் மனைல ஆயிரம் சதுர அடி வீடு, மிச்சமெல்லாம் தோட்டம்னு இத்தனை வருஷம் பராமரிச்சதுல நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். எந்தப் பருவத்துக்கான வேலையையும் அதுக்கு முந்தின பருவத்துலயே முடிச்சுடணும். மழை வந்தப்புறம் வாளியும் துணியுமா ஓடுறது தவிப்பு, அதைப் பராமரிப்புன்னு சொல்ல முடியாது. அதனால நான் ஜனவரி டிசம்பர்னு பாக்காம தமிழ் மாசக் கணக்குல சொல்றேன், செடிக்கும் செவுருக்கும் அதுதான் சரியா ஒத்துப்போகுது.

ஆடிலேர்ந்து ஆரம்பிக்கலாம். முதல்ல மாடி. தண்ணி வெளிய போற ஓட்டை எல்லாத்தையும் பழைய துணிய உருட்டி இறுக்கமா அடைச்சுட்டு, ரெண்டு இன்ச் உயரத்துக்குத் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க. மறுநாள் கீழ வந்து ஒவ்வொரு ரூம் சீலிங்கையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, லைட்டை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சாதான் ஈரம் பளபளன்னு தெரியும். ஃபேன் கொக்கி, லைட் பாயின்ட், பீமும் சீலிங்கும் சேர்ற இடம், இந்த மூணும்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும். எங்க வீட்டுல ரெண்டு வருஷமா ஒரே மூலைல ஈரம் வந்துச்சு, தளத்துல விரிசல்னு நெனச்சு மாடி முழுக்க கோட்டிங் அடிச்சும் நிக்கல, கடைசில பார்த்தா கைப்பிடிச்சுவரும் தரையும் சேர்ற மூலைல நகம் நுழையுற அளவுக்கு ஒரு பிளவு, அவ்ளோதான். பொதுவா நடுத்தளத்தை விட அந்த மூலையும், பைப் உள்ள இறங்குற இடமும்தான் ஒழுகும், அதனால கையைத் தரையோட வெச்சு சுவரோரமா தடவிட்டே ஒரு சுத்து வாங்க. விரிசல் கிடைச்சா அதை வி மாதிரி கொத்தி, தூசிய பிரஷ்ஷால சுத்தமா எடுத்துட்டு கிராக் ஃபில்லர் வெச்சு அடைக்கணும், மேலாக்க சிமென்ட் பால் ஊத்துனா ஒரு வெயிலுக்கே பிரிஞ்சிடும். வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்னா ரெண்டு கோட், முதல் கோட் நீளவாக்குல, அது காஞ்சப்புறம் ரெண்டாவது குறுக்குவாக்குல. இதுக்கெல்லாம் தளம் நல்லாக் காஞ்சிருக்கணும், அதுக்குத்தான் ஆடி ஆவணின்னு சொல்றேன், ஆனா அப்பவும் சென்னைப் பக்கம் சாயங்காலம் இடியோட மழை வரும், காலையிலயே அடிச்சு முடிச்சுடுங்க.

மாடித்தோட்டம் வெச்சிருக்கவங்க தொட்டிய தளத்துல நேரா வைக்கவே வைக்காதீங்க, அடியில வேர் வெளிய வந்து ஓடு ஜாயின்ட்ல இறங்கிடும். செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ போட்டு நாலு இன்ச் தூக்கி வைங்க. பெரிய தொட்டியெல்லாம் சுவரு பீம் போற கோட்டுமேல வரணும், ஈரமண்ணு பயங்கர கனம்.

அடுத்தது மழைநீர் சேகரிப்பு. 2003லயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிட்டாங்க, பைப்பும் குழியும் முக்காவாசி வீட்டுல இருக்கு, ஆனா அந்தக் குழிய கடைசியா எப்ப திறந்தீங்கன்னு கேட்டா பதில் வராது. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடின்னா கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர், ஒரு நாள்ல 10 சென்டிமீட்டர் பெஞ்சா 9,000 லிட்டருக்கு மேல, அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி தண்ணி உங்க தலைக்கு மேல வந்து இறங்குது. 2019 ஜூன்ல சென்னைக்குத் தண்ணி கொடுக்குற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரியெல்லாம் வறண்டு கிடந்து, குடத்தோட லாரிக்காக காத்துக்கிடந்தோமே, அதை நெனச்சா ஒரு சொட்டையும் ரோட்டுக்கு விட மனசு வராது. குழிக்குள்ள மேல இருக்குற மணலை எடுத்துட்டுப் பாருங்க, வழவழன்னு வண்டல் படிஞ்சிருந்தா தண்ணி உள்ள இறங்காது, அந்த மணலையும் ஜல்லியையும் வெளிய எடுத்து அலசிட்டுத் திரும்பக் கொட்டணும். முதல் மழைத் தண்ணிய மட்டும் வெளிய விட்டுடுங்க, மாடில இருக்குற புறா எச்சம், தூசு எல்லாம் அதுலதான் வரும்.

தோட்டத்துல ஆடி தேடி விதைக்கிற மாசம்னு எல்லாருக்கும் தெரியும். கத்தரி, மிளகாய், தக்காளி நாத்து விடலாம், வெண்டைய ராத்திரி ஊறவெச்சு காலையில ஊனலாம், பீர்க்கு, புடலை, பூசணி எல்லாம் நேரடியா குழில. ஆழம் விதையோட கனத்தை மாதிரி ரெண்டு மடங்கு போதும், ஆழமாப் புதைச்சுட்டு முளைக்கலன்னு விதையத் திட்டக்கூடாது. கீரை விதைய மணலோட கலந்து தூவுங்க, இல்லன்னா ஒரே இடத்துல குவியும், எறும்பு தூக்கிட்டுப் போகுதுன்னா சுத்தி கொஞ்சம் ரவை தூவுங்க, அது அதை எடுத்துட்டுப் போகும். அவரைய மட்டும் பொறுமையா விடணும். நாட்டு அவரை ஆடியில போட்டாலும் கொடி வளந்துட்டே இருக்கும், பகல் நேரம் குறைஞ்சாதான் பூ வெக்கும், மார்கழி தைலதான் காய் கொட்டும். பூக்கலன்னு புரட்டாசியிலயே பிடுங்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும்.

மரத்துக்கான வேலை புரட்டாசிக்குள்ள முடியணும், இதை அழுத்திச் சொல்றேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னைக்கு சென்னைல ஆயிரக்கணக்கான மரம் விழுந்துச்சு, எங்க முருங்கையும் வேரோட சாஞ்சு பின்னாடி ஷீட் கூரைய ரெண்டாப் பிளந்துடுச்சு. அந்த வருஷம் நல்லாக் காய்ச்சுட்டு இருந்ததால வெட்ட மனசில்லாம விட்டிருந்தேன். முருங்கை மாதிரி லேசா முறியிற மரம் கிடையாது, ஆவணிலயே கிளைய ஆளுயரத்துக்குக் கழிச்சுடுங்க, வெட்டின வாய்ல சாணி அப்பினா தண்ணி இறங்கி அழுகாது, வெட்டின போத்துல நல்லதா ரெண்டு எடுத்து வேற இடத்துல நட்டுடலாம். இன்னொரு லாபமும் உண்டு, மழைக்காலத்துல அடிமரத்துல கும்பலா அப்பிட்டு நிக்குமே கம்பளிப்பூச்சி, மரம் கழிச்சிருந்தா அது ரொம்பக் குறையும். வேம்பு, மா எல்லாம் உச்சிய மொட்டையடிக்காம உள்கிளைய எடுத்து காத்து புகுந்து வெளிய போற மாதிரி விட்டாலே போதும். தென்னைல காஞ்ச மட்டையும் முத்துன காயும் இறக்கிடணும், பச்சை மட்டைல கை வைக்காதீங்க. தார் போட்ட வாழைக்கு முட்டு கொடுங்க. பப்பாளியச் சுத்தி மண்ணு மேடா அணைச்சு வைங்க, அடியில ரெண்டு நாள் தண்ணி நின்னாலே வேர் அழுகிடும்.

ஐப்பசி பொறந்தா வடகிழக்குப் பருவமழை. சென்னைல வருஷம் முழுக்க பெய்யுற சுமார் 1,400 மில்லிமீட்டர்ல பாதிக்கு மேல இந்த ரெண்டு மூணு மாசத்துலதான். 2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி தொடங்கி ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் தெருவெல்லாம் முழங்காலுக்கு மேல தண்ணி. இந்த மாசத்துல புதுசா வேலை எதுவும் வேணாம், பார்த்துக்கிட்டா போதும். மழை விட்ட ஒவ்வொரு தடவையும் மாடிக்குப் போய் தண்ணி போற ஜாலில அடைச்ச இலைய எடுங்க, ஒரே ஒரு பாதாம் இலை போதும் மாடிய குளமாக்க. தொட்டிக்கு அடியில இருக்குற தட்டெல்லாம் எடுத்துடுங்க. உரம் போடாதீங்க, அத்தனையும் கரைஞ்சு ஓடிடும். நாத்து அடித்தண்டுல அழுகுனா சூடோமோனாஸ்னு அழுகலைத் தடுக்குற நல்ல பாக்டீரியா பவுடரை லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேர்ல ஊத்துங்க.

கொசு விஷயத்துல ஒண்ணு கவனிங்க. டெங்கு பரப்புற கொசு சாக்கடைல இல்ல, நம்ம நல்ல தண்ணிலதான் முட்டை போடும், மணிபிளான்ட் பாட்டில், ஃப்ரிட்ஜ் பின்னாடி டிரே, கொட்டாங்குச்சி, மூடி போடாத டிரம். முட்டைலேர்ந்து கொசுவாகி பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால வாரம் ஒரு நாள்னு கிழமை வெச்சுக்கோங்க, எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை. தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது, முட்டை பாத்திரத்தோட பக்கவாட்டுல ஒட்டிட்டு காஞ்சும் உயிரோட இருக்கும், நார் போட்டுத் தேய்க்கணும்.

கரன்ட் பெட்டில ஆர்.சி.சி.பி.ன்னு, கரன்ட் கசிஞ்சா உடனே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மழைக்கு முன்னாடி அதை அழுத்திப் பாருங்க, டப்புன்னு விழணும், விழலன்னா அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, இது உயிர் சமாச்சாரம். தண்ணி வர்ற ஏரியான்னா இன்வெர்ட்டர் பேட்டரிய ரெண்டு மூணு அடி தூக்கி வைங்க. சம்ப்புக்குள்ள வெள்ளத்தண்ணி கலந்துடுச்சுன்னா முழுசா இறைச்சு, தேய்ச்சு கழுவிட்டு, புதுத்தண்ணி பிடிச்சப்புறம் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்குல கரைச்சு ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. மூடிய சம்ப்புல திறந்த உடனே யாரையும் இறக்காதீங்க, நல்லா காத்தாட விட்டு, மேல ஒருத்தர் நின்னுக்கிட்டேதான் இறங்கணும்.

கார்த்திகை கடைசி, மார்கழில மழை கொஞ்சம் ஓஞ்சு பனி ஆரம்பிக்கும். இதுதான் மல்லிகைச் செடிய வெட்டுற நேரம், எனக்கு வருஷத்துலயே பிடிச்ச வேலை. ஒரு வாரம் தண்ணிய நிறுத்திட்டு, மழையில்லாத ஒரு காலையில கூர்மையான கத்திரி எடுத்து தரையிலேர்ந்து ஒன்றரை அடிக்கு மொத்தச் செடியையும் வெட்டிடுங்க. கணுவுக்கு மேல கால் இன்ச் விட்டு சாய்ச்சு வெட்டணும், அப்பதான் தண்ணி நிக்காம வழியும். காஞ்ச குச்சி, குறுக்க போற குச்சி எல்லாம் அடியோட எடுத்துட்டு, மிச்ச இலையையும் கையால உருவி விட்டுடுங்க. சுத்தி மண்ணைக் கொத்தி ஒரு கூடை தொழு உரம். பாக்க பாவமா வெறும் குச்சியா நிக்கும், எங்க அம்மா முதல் வருஷம் என்கிட்ட ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணு வாரத்துல கணுவுக்குக் கணு செம்பழுப்பா துளிர் எட்டிப் பாக்கும், புதுத்துளிர்லதான் மொட்டு வரும், பங்குனி சித்திரைல சாயங்காலம் ஒரு படி பூ பறிக்கலாம். வெட்டாம விட்ட மல்லி வெறும் கொடியா ஓடுமே தவிர பெருசா பூக்காது. மொட்டுல ஓட்டை பாத்தா உடனே பறிச்சு அழிச்சுடுங்க, உள்ள புழு இருக்கும்.

போகிக்கு வீட்டை ஒதுங்க வெக்கிறது சரி, உள்ள இருக்குறது எல்லாத்தையும் எடுத்து உதறுங்க. ஆனா வெளிச்செவுருக்கு பொங்கலுக்கு முன்னாடி பெயின்ட் அடிக்கிற பழக்கத்தை மட்டும் மாத்திக்கோங்க. அந்தக் காலத்துல சுண்ணாம்பு அடிச்சாங்க, செவுத்துல இருக்குற ஈரம் அது வழியா வெளிய போகும். இப்ப அடிக்கிறது எமல்ஷன், ஈரத்தை உள்ளயே பூட்டிடும், நாலு மாசத்துல உப்பு பூத்து கொப்புளம் கொப்புளமா உரியும். எங்களுக்கு ஒரு தடவை தைக்கு முன்னாடியே அவசரமா அடிச்சுக் கொடுத்தாங்க, ஆடிக்குள்ள வடக்குச் செவுரு முழுக்க போச்சு, செலவு ரெண்டு மடங்கு. செவுரு காஞ்சிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு: ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு செவுத்துல ஒட்டுங்க, மறுநாள் உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா இன்னும் காயல. மாசில வந்து பாருங்க, சுத்தமா இருக்கும், அப்ப அடிங்க.

மாடிக்கு வெள்ளை அடிக்கிறதும் மாசி பங்குனிக்குள்ளயே முடியணும். கூல் ரூஃப் பெயின்ட் வாங்க வசதியில்லன்னா நீர்த்த சுண்ணாம்புல கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து ரெண்டு கோட் அடிச்சாலே ராத்திரி சீலிங்லேர்ந்து இறங்குற அனல் நல்லாவே குறையும். சாயங்காலத்துல அடிங்க, வெயில்ல அடிச்சா பவுடரா உதிரும்.

சித்திரை வைகாசி, அதுலயும் மே 4லேர்ந்து 28 வரைக்கும் கத்திரி வெயில். செடிக்கு உரத்தை விட மூடாக்குதான் முக்கியம், காஞ்ச இலை, வைக்கோல் எது கிடைச்சாலும் மூணு இன்ச் கனத்துக்கு, தண்டை ஒட்டாம சுத்திப் போடுங்க. மூடாக்குக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கும் மண்ணு குளுகுளுன்னு இருக்கும். தண்ணி காலையில ஆறு மணிக்குள்ள, ஓஸ்ல முதல்ல வர்ற சுடுதண்ணிய வெளிய விட்டுட்டு ஊத்துங்க. மாடில 50 சதவீத நிழல்வலை. செம்பருத்தில மாவுப்பூச்சி வந்தா முதல்ல தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு விடுங்க, அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல் கலந்து சாயங்காலத்துல இலைக்கு அடிப்பக்கம் அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகிடும்.

கோடைமழை ஒண்ணு பெஞ்ச சாயங்காலம் ஈசல் கிளம்பும், அது பறக்குற கரையான்தான். வெளி லைட்டை அணைச்சுட்டு, மறுநாள் கதவு நிலைக்குப் பின்னாடி, அலமாரிக்கு அடியில, படிக்கட்டு மூலைல பென்சில் கனத்துல மண் கோடு ஏறியிருக்கான்னு பாருங்க. கோட்டை நடுவுல உடைச்சு விட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க, திரும்ப அடைச்சிருந்தா உள்ள உயிரோட இருக்கு, மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆனி மாசம் போன வருஷத்து விதைய எடுத்து பத்து விதைய ஈரத்துணில சுத்தி வைங்க, குறைஞ்சது ஏழு விதை முளைச்சா அதை ஆடிக்கு வெச்சுக்கலாம், கம்மின்னா புதுசா வாங்கிடுங்க. அப்படியே கொத்தனாருக்கும் ஒரு போனைப் போட்டு தேதிய வாங்கி வெச்சிடுங்க.